அடிமைகளை ஏற்றிய கப்பலை மறுபடியும் எதற்குக் கட்ட வேண்டும்?

நீங்கள் கேட்டது இதுதான்: அடிமைகளை ஏற்றிச் சென்ற ஒரு கப்பலைக் கோடிக்கணக்கில் செலவு செய்து மறுபடியும் ஏன் கட்டுகிறார்கள்? புத்தகமும் படமும் போதாதா? அடுத்தவர் பட்ட துயரத்தை டிக்கெட் போட்டுக் காட்டுவதாக ஆகிவிடாதா? வரலாறு சொல்லித்தருகிறவர் என்பதால் உங்களுக்கு இது உறுத்துகிறது. நானும் பல வருடம் அதே வேலையைச் செய்தவன். மரக்கப்பல்கள் மேல் எனக்கு இருக்கும் பைத்தியமும் சேர்ந்துகொண்டதால் இந்தக் கேள்வியோடு ரொம்ப நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டலாம், கட்டத்தான் வேண்டும். ஆனால் ‘அசலைப் போலவே இருக்கிறது’ என்று காட்டுவதற்காக என்றால் வேண்டாம். அசல் கப்பலிலிருந்து எங்கே வேறுபடுகிறது, ஏன் வேறுபடுகிறது என்று ஒளிக்காமல் சொல்கிறவர்கள் கையில் இருந்தால்தான் அப்படிப்பட்ட கப்பல் எதையாவது சொல்லித்தரும். எனக்கு நன்றாகத் தெரிந்த ‘அமிஸ்டாட்’ கப்பலை வைத்தே இதை விளக்குகிறேன்.

1839-ஆம் ஆண்டு. இன்றைய சியரா லியோன் பகுதியில் பிடிபட்டவர்களை லொம்போகோ என்ற இடத்தில் அடைத்து வைத்திருந்தார்கள். பெத்ரோ பிளாங்கோ என்ற ஸ்பானிய வியாபாரி நடத்திய அடிமைக் கிட்டங்கி அது. அங்கிருந்து டெசோரா என்ற போர்த்துகீசியக் கப்பலில் அட்லாண்டிக்கைக் கடந்து ஹவானாவுக்குக் கொண்டுவந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவது கியூபாவில் அப்போது சட்டப்படி குற்றம். இங்கிலாந்தும் ஸ்பெயினும் 1817-ல் போட்ட ஒப்பந்தப்படி 1820-லேயே அது தடையாகிவிட்டது. ஆனால் கையில் காசு இருந்தால் காகிதத்தை மாற்றிவிடலாம். பிடித்து வந்தவர்களுக்கு ஸ்பானியப் பெயர்களை எழுதி, ‘இவர்கள் 1820-க்கு முன்பிருந்தே கியூபாவில் இருக்கும் அடிமைகள்’ என்று ஆவணம் தயார் செய்தார்கள்.

ஹோசே ரூயிஸ் என்பவர் 49 ஆண்களை வாங்கினார். பெத்ரோ மோன்டஸ் என்பவர் நான்கு குழந்தைகளை வாங்கினார், மூன்று பெண், ஒரு பையன். இந்த 53 பேரையும் ஏற்றிக்கொண்டு கியூபாவின் இன்னொரு துறைமுகத்துக்குக் கிளம்பிய சிறிய சரக்குக் கப்பல்தான் லா அமிஸ்டாட். ஸ்பானிய மொழியில் அதற்கு ‘நட்பு’ என்று பொருள். பயணம் சில நாள்தான், கரையை ஒட்டியே போவது.

அவர்களில் ஒருவர் செங்பே பியே. ஸ்பானியர்கள் வாயில் அது சிங்கே ஆகிவிட்டது. மெண்டே இனத்தைச் சேர்ந்த நெல் விவசாயி. ஊரில் மனைவியும் மூன்று பிள்ளைகளும். கப்பலில் செலெஸ்டினோ என்ற சமையற்காரன், ‘உங்களையெல்லாம் வெட்டித் தின்னப்போகிறார்கள்’ என்று சைகையால் காட்டினான். அவன் கேலிக்குச் செய்தானோ என்னவோ, பார்த்தவர்கள் அதை நம்பினார்கள். சிங்கே ஓர் ஆணியைக் கண்டெடுத்து, அதை வைத்தே பூட்டைத் திறந்தார். சரக்கறையில் கரும்பு வெட்டும் கத்திகள் இருந்தன. ஜூலை தொடக்கத்தில், கிளம்பிய சில இரவுகளுக்குள், கேப்டனும் சமையற்காரனும் கொல்லப்பட்டார்கள். கப்பல் பிடிபட்டிருந்தவர்கள் கைக்கு வந்தது.

வந்த பிறகுதான் பெரிய சிக்கல். அவர்களில் யாருக்கும் கப்பல் ஓட்டத் தெரியாது. வரும்போது சூரியன் உதிக்கும் பக்கத்திலிருந்து வந்தோம், அப்படியானால் உதிக்கும் திசையை நோக்கிப் போனால் ஊர் வந்துவிடும். அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்தது. அதற்காகத்தான் ரூயிஸையும் மோன்டஸையும் உயிரோடு விட்டார்கள். மோன்டஸ் முன்னாள் மாலுமி. பகலில் சொன்னபடி கிழக்கே ஓட்டினார், மெதுவாக. இரவானால் வடக்கும் மேற்குமாகத் திருப்பிவிட்டார். இப்படி ஏறக்குறைய இரண்டு மாதம் வளைந்து வளைந்து போனது கப்பல். தண்ணீர் தீர்ந்து, சாப்பாடு தீர்ந்து, வழியில் பலர் இறந்துபோனார்கள். கடைசியில் ஆகஸ்ட் 26-ஆம் தேதி நியூயார்க்கின் லாங் ஐலண்ட் கரையோரம் அமெரிக்க அரசுக் கப்பல் ஒன்று அவர்களைப் பிடித்து, கனெக்டிகட் மாநிலத்தின் நியூ லண்டன் துறைமுகத்துக்கு இழுத்துப் போனது. நியூயார்க்கில் அடிமை முறை 1827-லேயே ஒழிந்துவிட்டது. கனெக்டிகட்டில் 1848 வரை முழுதாக ஒழியவில்லை. பின்னால் இந்தக் கப்பலை மறுபடி கட்டியதும் அதே கனெக்டிகட்டில்தான்.

அடுத்து வந்தது வழக்கு: இவர்கள் அடிமைகளா, சுதந்திர மனிதர்களா என்று. கனெக்டிகட்டின் நியூ ஹேவன் நகரச் சிறையில் அடைக்கப்பட்ட அவர்கள் பேசும் மொழி யாருக்கும் புரியவில்லை. யேல் கல்லூரிப் பேராசிரியர் ஜோசையா கிப்ஸ் அவர்களிடம் போய் உட்கார்ந்து, விரலை நீட்டி நீட்டி, ஒன்றிலிருந்து பத்து வரை அவர்கள் எப்படி எண்ணுகிறார்கள் என்று மனப்பாடம் செய்தார். பிறகு நியூயார்க் துறைமுகத்துக்குப் போய், அந்த எண்களைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே கப்பல் கப்பலாக அலைந்தார். ஒரு பிரிட்டிஷ் கப்பலில் வேலை பார்த்த ஜேம்ஸ் கோவி என்ற இளைஞனுக்கு அது தன் தாய்மொழி என்று காதில் பட்டது. கோவியே சிறு வயதில் பிடிபட்டு, பிறகு மீட்கப்பட்டவன்தான். அவன் சிறைக்குள் போய் மெண்டே மொழியில் பேசிய பிறகுதான் அந்த மனிதர்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்ல முடிந்தது. இந்த வரலாறு முழுவதிலும் நான் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொன்ன பகுதி இதுதான். ஒருவனுக்கு நீதி கிடைக்க முதலில் அவன் பேசுவது யாருக்காவது புரிய வேண்டுமே.

இன்னொன்றையும் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்படி விடுவேன். ஆவணப்படி இவர்கள் 1820-க்கு முன்பே கியூபாவில் இருந்தவர்கள். வழக்கு நடந்தது 1839-ல். சிறையில் இருந்த நான்கு குழந்தைகளைப் பாருங்கள், அவர்களுக்கு என்ன வயது இருக்கும்? பத்துப் பதினொன்று. கணக்குப் போட்டுப் பார்த்தவுடன் வகுப்பில் யாராவது ஒருவர், “சார், அப்ப அந்தப் பேப்பர் பொய்!” என்று கத்துவார். வழக்கறிஞர்கள் சொன்னதும் அதைத்தான்.

மாவட்ட நீதிமன்றம் 1840 ஜனவரியில், இவர்கள் சட்டவிரோதமாகக் கடத்தப்பட்டவர்கள் என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு இவர்களுக்கு எதிராக வந்தால் மேல்முறையீட்டுக்கு நேரம் தராமல் கியூபாவுக்கு ஏற்றி அனுப்பிவிட அன்றைய ஜனாதிபதி வான் பியூரன் ஒரு கடற்படைக் கப்பலைத் தயாராக நிறுத்தி வைத்திருந்தார் என்பது எனக்கு இன்றும் ஆறாத விஷயம். அரசு மேல்முறையீடு செய்தது. உச்ச நீதிமன்றத்தில் இவர்களுக்காக வாதாட வந்தவர் முன்னாள் ஜனாதிபதி ஜான் குயின்சி ஆடம்ஸ், வயது 73. இரண்டு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் பேசினார். 1841 மார்ச் 9-ஆம் தேதி, இவர்கள் சுதந்திர மனிதர்கள் என்று தீர்ப்பு வந்தது. உயிரோடு மிஞ்சிய 35 பேர் அந்த நவம்பரில் கப்பலேறி, 1842 ஜனவரியில் சியரா லியோன் போய்ச் சேர்ந்தார்கள்.

சரி, அந்தக் கப்பல் என்ன ஆனது? ஏலத்தில் போனது. வாங்கியவர் ‘அயன்’ என்று பெயர் மாற்றி, வெங்காயமும் ஆப்பிளும் கோழியும் ஏற்றி பெர்முடா பக்கம் ஓட்டினார். 1844-ல் கரீபியன் தீவான குவாதலூப்பில் விற்றுவிட்டார். அதற்குப் பிறகு அதைப் பற்றித் தகவலே இல்லை. ஒரு பலகைகூட மிஞ்சவில்லை. கட்டியபோது போட்ட வரைபடமும் கிடையாது.

ஆக, ‘மாதிரிக் கப்பல்’ என்ற சொல்லே இங்கே கொஞ்சம் தடுமாறுகிறது. எதைப் பார்த்து மாதிரி செய்வது? 1976-ல் அமெரிக்கச் சுதந்திரத்தின் இருநூறாம் ஆண்டுக்காக நியூயார்க் துறைமுகத்தில் பாய்மரக் கப்பல்கள் அணிவகுத்து வந்தன. அமிஸ்டாடைக் கட்ட வேண்டும் என்ற எண்ணம் அந்தச் சமயத்தில்தான் வாரன் மார் என்பவர் மனதில் விழுந்தது. எண்ணம் ஏராவாக மாற 20 வருடத்துக்கு மேல் ஆனது. ஏரா என்றால் கப்பலின் அடிமரம், முதுகெலும்பு மாதிரி. நம்ம பக்கம் தோணி கட்டுகிறவர்களுக்குப் பழக்கமான சொல். கனெக்டிகட்டில் மிஸ்டிக் சீபோர்ட் அருங்காட்சியகத்தின் கப்பல் பட்டறையில் 1998 மார்ச் 8-ஆம் தேதி ஏராவை வைத்தார்கள். 2000 மார்ச் 25-ஆம் தேதி கப்பல் தண்ணீரில் இறங்கியது. அந்தக் காலத்தில் வரைந்த ஓவியங்கள், பால்டிமோர் பக்கம் கட்டிய இரட்டைப் பாய்மர வேகக் கப்பல்களைப் பற்றிய பொது அறிவு, இவற்றை வைத்துத்தான் வடிவம் போட்டார்கள்.

அசலிலிருந்து எங்கெல்லாம் வேறுபடுகிறது என்று கேட்டால், நிறைய இடத்தில். நீளம் சற்றுக் கூடுதல். நீர்மட்டத்துக்கு மேல் பக்கச் சுவரும் உயரம். வரைபடத்தைக் கம்ப்யூட்டரில் போட்டார்கள். ஏராவுக்கு வெளியே ஈயப் பாரம் தொங்குகிறது. பலகைகளைப் பிணைப்பது வெண்கல போல்ட். உள்ளே இரண்டு கேட்டர்பில்லர் டீசல் இன்ஜின்கள். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போகிற கப்பல் என்றால் இன்றைய பாதுகாப்பு விதிகளுக்குள் அடங்கித்தானே ஆக வேண்டும்? இதை ஒரு குறையாகச் சொல்லி மூக்கைச் சுளிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ‘இந்த இன்ஜின் 1839-ல் இல்லை, இருந்திருந்தால் கதை எப்படிப் போயிருக்கும்?’ என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் அந்தப் பயணத்தின் காசு வந்துவிட்டது. காற்று இல்லாத நாளில் கப்பல் அசையாமல் நிற்கும், அப்போதும் பீப்பாயில் தண்ணீர் குறைந்துகொண்டே வரும். இன்ஜின் சத்தத்தைக் கேட்டபடி நிற்கும்போது அது இன்னும் நன்றாக உறைக்கும்.

புத்தகம் போதாதா என்று கேட்டீர்களே, அதற்கு இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். மரக்கப்பல் கட்டும்போது பலகைக்கும் பலகைக்கும் நடுவே சந்து இருக்கும். அதில் பஞ்சையும் சணலையும் திரித்துத் திணித்து, மழுங்கிய உளியை வைத்து மரச் சுத்தியலால் அடித்து இறுக்கி, மேலே பூச்சுப் பூசுவார்கள். கலப்பத்து அடிப்பது என்பார்கள். நார் தளர்வாக இருக்கும்வரை சத்தம் மொத்தையாக வரும், இறுக இறுகக் கணீரென்று மாறும். கை தேர்ந்தவர் காதாலேயே தெரிந்துகொள்வார், போதும் என்று.

ஃபிரெடரிக் டக்ளஸ் இந்த வேலையைத்தான் செய்தார். அடிமை ஒழிப்பு இயக்கத்தின் மிகப் பெரிய பேச்சாளர் ஆவதற்கு முன்னால், பால்டிமோர் கப்பல் பட்டறைகளில் கலப்பத்து அடிக்கும் அடிமை அவர். வாரக் கூலி முழுவதையும் சனிக்கிழமை எஜமானிடம் கொடுத்துவிட வேண்டும். ஆறு டாலர் கொண்டுபோய்க் கொடுத்தால், உற்சாகப்படுத்துவதற்காக எஜமான் சில சமயம் ஆறு சென்ட் திருப்பித் தருவார். பால்டிமோர் பட்டறைகளில் கட்டிய வேகக் கப்பல்கள் பல, அடிமை வியாபாரத்துக்குப் போய்ச் சேர்ந்தவை. அடிமையின் கை அடைத்த சந்து, இன்னோர் அடிமையைக் கடல் கடத்துகிறது. 1838 செப்டம்பரில் டக்ளஸ் மாலுமி உடை போட்டுக்கொண்டு ரயிலேறித் தப்பித்தார். அதற்குப் பிறகு ஒரு வருடம்கூட ஆகவில்லை, அமிஸ்டாட் கலகம் நடந்தது. பிறகு நியூ பெட்ஃபோர்ட் போய் அதே வேலையைக் கேட்டபோது, கறுப்பனோடு சேர்ந்து வேலை செய்ய மாட்டோம் என்று வெள்ளைத் தொழிலாளிகள் மறுத்தார்கள். இதையெல்லாம் படித்தும் தெரிந்துகொள்ளலாம்தான். ஆனால் அந்த உளியையும் சுத்தியலையும் ஒருமுறை கையில் பிடித்து, ஒரு சாண் சந்தை அடைக்கவே தோள்பட்டை எப்படி வலிக்கிறது என்று பார்த்த பிள்ளைக்கு, அந்த ஆறு சென்ட் வேறு மாதிரிப் புரியும். கப்பலைக் கட்டுவது பாடம் ஆவது கட்டும்போதே தொடங்கிவிடுகிறது என்று நான் சொல்வது இதனால்தான். மிஸ்டிக்கில் கட்டும்போதும் பார்வையாளர்கள் வந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இந்த யோசனையும் புதிதில்லை. 1788-ல் இங்கிலாந்தில் ‘ப்ரூக்ஸ்’ என்ற லிவர்பூல் அடிமைக் கப்பலின் படத்தை அச்சிட்டு ஊரெல்லாம் ஒட்டினார்கள். மனிதர்களை மத்தி மீன் அடுக்குவது போல அடுக்கிய அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது அன்றைய புதுச் சட்டம் அனுமதித்த 454 பேரைக் கணக்கு வைத்துப் போட்ட படம். சட்டம் வருவதற்கு முன் ஒரு பயணத்தில் அதே கப்பல் 609 பேரை ஏற்றியிருக்கிறது. படத்தோடு நிற்காமல், அந்தக் கப்பலை மரத்தில் சின்னதாகச் செய்தும் காட்டினார்கள். அடிமை வியாபாரத்தை ஒழிக்க நாடாளுமன்றத்தில் போராடிய வில்பர்ஃபோர்ஸ் மற்ற உறுப்பினர்களிடம் காட்டிய மாதிரி இன்றும் ஹல் நகரத்தில் அவர் பிறந்த வீட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கப்பலைக் கட்டிக் காட்டி அடிமை முறையைப் புரியவைப்பது, அதை ஒழிக்கப் போராடியவர்களே கண்டுபிடித்த வழி.

ப்ரூக்ஸ் படத்தில் ஓர் ஆணுக்கு ஒதுக்கிய இடம் 6 அடி நீளம், 16 அங்குல அகலம். எங்கள் பள்ளியில் கப்பலுக்கு எங்கே போவது? எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துத் தரையில் சாக்பீஸால் அந்த அளவுக்குக் கட்டம் போட்டேன், வரிசையாகப் பன்னிரண்டு. படுத்துப் பாருங்கள் என்றேன். முதலில் சிரிப்பும் கூத்துமாகப் படுத்தார்கள். யாரும் புரளக் கூடாது, எழுந்து உட்காரவும் கூடாது, உங்கள் முகத்துக்கு மேலே இரண்டு மூன்றடியில் இன்னொரு தட்டு, அதிலும் ஆட்கள் என்றேன். சத்தம் அடங்கியது. மூன்று நிமிடம் ஆகியிருக்காது, ஓரத்தில் படுத்திருந்த ஒரு பெண், “எத்தனை நாள் சார்?” என்றாள். ஏறக்குறைய இரண்டு மாதம் என்றேன். அவள் எழுந்து போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒன்றை மாற்றிக்கொண்டேன். பிள்ளைகளை அடிமைகளாக நடிக்க வைப்பதில்லை. ‘நீ அடிமை, நீ எஜமான்’ என்று பிரித்து விளையாட வைப்பது தவறு என்று இன்று உறுதியாக நம்புகிறேன். அளவைக் காட்டலாம், கட்டத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லலாம். வலியை அனுபவித்ததாக யாரையும் நினைக்க வைக்கக் கூடாது. யாராலும் அது முடியாது. மாதிரிக் கப்பல் நடத்துகிறவர்களுக்கும் இந்த எல்லை முக்கியம். பிள்ளைகள் அங்கே மாலுமிகளாக வேலை செய்யட்டும். சேர்ந்து கயிறு இழுத்துப் பாய் ஏற்றட்டும், சுக்கான் பிடிக்கட்டும். பகலில் கிழக்கே ஓட்டிய கப்பலை இரவில் யாருக்கும் தெரியாமல் வடமேற்கே திருப்புவது எப்படி என்று திசைகாட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும். கீழே சரக்கறையில் போய் நிற்கட்டும், கதை சொல்கிறவர் சொல்வதைக் கேட்கட்டும். அது போதும்.

காட்சிப்பொருள் ஆகிவிடாதா என்ற உங்கள் பயம் வெறும் பயமில்லை, உண்மையிலேயே நடந்தது. நியூ ஹேவன் சிறையில் இருந்த ஆப்பிரிக்கர்களைப் பார்க்க, தலைக்குப் பன்னிரண்டரை சென்ட் வாங்கிக்கொண்டு சிறைக்காவலர் ஆள் விட்டார். ஆயிரக்கணக்கில் கூட்டம் வந்தது. பிடிபட்ட சில நாளிலேயே நியூயார்க்கில் நாடகமும் போட்டுவிட்டார்கள். அவர்களை மெழுகுச் சிலைகளாகச் செய்து ஊர் ஊராகக் காட்டினார்கள். அன்று காசு கொடுத்து வந்தவர்கள் பார்த்தது முகத்தை. அவர்கள் என்ன பேசினார்கள் என்று பெரும்பாலோர் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் புரிந்திருக்காது. கிப்ஸ் மட்டும் கேட்டார், எண்களைக் கற்றார், ஆளைத் தேடிப் போனார். இன்று கப்பலில் ஏறுகிறவர் எந்தப் பக்கம் போகிறார் என்பதுதான் வித்தியாசம். சிங்கேயின் பெயரும், குழந்தைகளான மார்க்ரு, தேமே, காக்னே, காலி ஆகியோரின் பெயரும் தெரியாமல் கப்பலை விட்டு இறங்கினால், அது அந்தப் பன்னிரண்டரை சென்ட் கூட்டம்தான். காலி என்ற பதினோரு வயதுப் பையன் ஆங்கிலம் கற்றுக்கொண்டு ஆடம்ஸுக்குக் கையால் ஒரு கடிதம் எழுதினான், எங்களை விடுதலை செய்யுங்கள் என்று. மார்க்ரு ஊர் திரும்பிய பிறகு மறுபடியும் அமெரிக்கா வந்து ஓபர்லின் கல்லூரியில் படித்துவிட்டு, சியரா லியோனுக்குத் திரும்பிப் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். இவர்களைப் பற்றிச் சொல்லாமல் கப்பலின் நீள அகலத்தை மட்டும் சொல்லும் வழிகாட்டி வேலையைப் பாதிதான் செய்கிறார்.

உங்கள் கேள்வியில் இல்லாத இன்னோர் ஆபத்து இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. அமிஸ்டாட் கதை நல்லபடியாக முடிகிறது. வீரன் இருக்கிறான், நல்ல வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், நீதி கிடைக்கிறது, வீட்டுக்குப் போகிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து ஏற்றப்பட்ட சுமார் 1 கோடியே 25 லட்சம் பேரில் இப்படி முடிந்த கதை மிகக் குறைவு. ஏறக்குறைய 18 லட்சம் பேர் கடலிலேயே செத்தார்கள். இந்தக் கப்பலின் சரக்கறையில் நின்றுவிட்டு, அட்லாண்டிக்கைக் கடந்த அடிமைக் கப்பல் இப்படித்தான் இருந்தது என்று யாராவது நினைத்தால் அதுவும் தவறு. அமிஸ்டாட் கரையோரச் சரக்குக் கப்பல். அடுக்கி வைத்துக் கடல் கடத்தியது டெசோரா. அந்தக் கப்பலை யாரும் மறுபடி கட்டவில்லை.

தீர்ப்பையும் கவனமாகப் படிக்க வேண்டும். அடிமை முறை தவறு என்று உச்ச நீதிமன்றம் சொல்லவில்லை. இவர்கள் சட்டத்துக்கு விரோதமாக ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள், ஆகவே அடிமைகளே கிடையாது என்றுதான் சொன்னது. கியூபாவில் பிறந்த அடிமைகளாக இருந்திருந்தால் ஸ்பெயினோடு இருந்த ஒப்பந்தப்படி திருப்பிக் கொடுத்திருப்பார்கள். அந்தச் சமயத்தில் அமெரிக்காவுக்குள்ளேயே கிட்டத்தட்ட 25 லட்சம் அடிமைகள். அவர்களில் ஒருவர் கைவிலங்கும் அந்தத் தீர்ப்பால் கழலவில்லை.

அமெரிக்காவில் அமிஸ்டாட் மாதிரிக் கப்பலின் வாழ்க்கையும் நேராகப் போகவில்லை. தொடக்கம் நன்றாக இருந்தது. முதல் கேப்டன் பில் பிங்க்னி, கண்டங்களின் தெற்கு முனைகளைச் சுற்றி உலகைத் தனியாகப் பாய்மரப் படகில் வலம் வந்த முதல் கறுப்பின அமெரிக்கர். 2007-ல், பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடை செய்த இருநூறாம் ஆண்டில், நியூ ஹேவனிலிருந்து கிளம்பி அட்லாண்டிக்கைக் கடந்து இங்கிலாந்து போய், சியரா லியோனின் ஃபிரீடவுன் வரை போனது. 2010 மார்ச்சில் ஹவானா துறைமுகத்துக்குள்ளும் நுழைந்தது. அமெரிக்காவுக்கும் கியூபாவுக்கும் இருந்த பகையில் இதெல்லாம் லேசுப்பட்ட காரியமில்லை. பிறகு பணம் பிரச்சினை ஆனது. மாநில அரசு 80 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்திருந்தும், அதை நடத்திய அறக்கட்டளை வரிக்கணக்குத் தாக்கல் செய்யாமல் விட்டதால் 2012-ல் வரிவிலக்கை இழந்தது. 2014-ல் நீதிமன்றம் கப்பலை ஒரு நிர்வாகியிடம் ஒப்படைத்தது. 2015-ல் ‘டிஸ்கவரிங் அமிஸ்டாட்’ என்ற புதிய அமைப்பு அதை வாங்கியது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கப்பல் கட்டக் காசு திரட்டுவது சுலபம், திறப்பு விழாவுக்குப் பெரிய மனிதர்கள் வருவார்கள். கட்டிய மறுநாளிலிருந்து செலவு தொடங்குகிறது. மரக்கப்பலை வருடா வருடம் கரையேற்றிச் சுரண்டிப் பூச வேண்டும், கலப்பத்தைப் பார்க்க வேண்டும், கயிறு மாற்ற வேண்டும். மழைத்தண்ணீர் தேங்கினால் உளுத்துப்போகும். கூடவே, கதையைத் தெரிந்த, பொறுமையாகச் சொல்லத் தெரிந்த ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். முதலில் வெட்டு விழுவது எப்போதும் இவர்கள் தலையில்தான். என்னைக் கேட்டால், இன்னொரு கப்பல் கட்டத் துடிக்கும் ஊர்கள் கட்டும் செலவுக்குச் சமமாகக் காப்புச் செலவுக்கும் சொல்லித்தருகிறவர்களுக்கும் ஒதுக்கிவிட்டுத்தான் முதல் மரத்தையே வெட்ட வேண்டும்.

நம் பக்கத்து நினைவு ஒன்று. 17-ஆம் நூற்றாண்டில் பஞ்ச காலங்களில் பழவேற்காட்டிலிருந்தும் சோழமண்டலக் கரையின் மற்றத் துறைமுகங்களிலிருந்தும் டச்சுக் கம்பெனி ஆயிரக்கணக்கான மனிதர்களை விலைக்கு வாங்கி பட்டேவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) இலங்கைக்கும் அடிமைகளாக ஏற்றியிருக்கிறது. பழவேற்காட்டு டச்சுக் கல்லறையில் வேலைப்பாடுள்ள கற்களில் டச்சுக்காரர்களின் பெயர்கள் இருக்கின்றன. ஏற்றிப் போனவர்களின் பெயர் அந்தக் கற்களில் இல்லை. உங்கள் பிள்ளைகளை அங்கே ஒருமுறை அழைத்துப் போய்விட்டு அமிஸ்டாட் கதையைச் சொல்லுங்கள். காலி எழுதிய கடிதம் எவ்வளவு அரிய பொருள் என்று அப்போது புரியும்.

கடைசியாக, வகுப்பில் இதை எடுக்கும்போது அன்டோனியோவை விட்டுவிடாதீர்கள். அமிஸ்டாட் கேப்டனுக்கு எடுபிடி வேலை செய்த சிறுவன், அவனும் ஓர் அடிமை. கலகம் செய்தவர்கள் அவனைக் கொல்லவில்லை. சிங்கேயையும் மற்றவர்களையும் விடுவித்த அதே வழக்கில், அன்டோனியோ சட்டப்படி கேப்டனின் சொத்து, ஆகவே கேப்டனின் வாரிசுகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்றுதான் முடிவானது. அவனை அனுப்பி வைப்பதற்குள் அடிமை ஒழிப்பு இயக்கத்தினர் உதவியோடு அவன் வடக்கே நழுவி, எல்லை தாண்டி மான்ட்ரியல் போய்விட்டான். ஒரே கப்பல், ஒரே வழக்கு, ஒரே நீதிமன்றம். சிங்கே ஏன் சுதந்திர மனிதர், அன்டோனியோ ஏன் சொத்து என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். என் வகுப்பில் அந்தக் கேள்விக்கு ஒரு பீரியடு போதவில்லை, மறுநாளும் அதையேதான் பேசினோம்.